கருப்பாகும் படலம்

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் எம்.ஃபில். படித்தேன். சித்தையன்கோட்டையிலிருந்து செம்பட்டி வழியாகத் தினமும் பஸ். செல்லைச் சுற்றியுள்ள சவ்வைப் போல ஒன்றைச் செயற்கையாகச் செய்து, அதில் கொழுப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. ஒரு பிளாஸ்டிக் கோப்பையின் பக்கவாட்டில் குண்டூசித் தலையளவு ஓட்டை. அதை உப்புத் தண்ணீரில் முக்கி, முட்டை மஞ்சள் கருவிலிருந்து பிரித்த கொழுப்பை ஓட்டையின் மேல் மெல்லிய தூரிகையால் தடவ வேண்டும். ரோட்டில் சிந்திய பெட்ரோல் மாதிரி முதலில் நிறங்கள் ஓடும். படலம் மெலிந்து இரண்டு மூலக்கூறு கனத்துக்கு வந்ததும் கருப்பாகிவிடும்.

எனக்கு நிறங்கள் வந்தன. கருப்பு வரவில்லை. அதற்குள் உடைந்துவிடும். மூன்று மாதம் இதே கதை.

"வேற தலைப்பு எடுத்துக்கம்மா. சோப்புக் கரைசல் ஈசியா முடியும்" என்றார் வழிகாட்டிப் பேராசிரியை.

"ஒரு மாசம் குடுங்க மேடம். வரலைன்னா மாத்திக்கிறேன்."

அன்று சாயங்காலம் கொழுப்பு பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். காறல் வாடை. காற்றுப் பட்டுக் கெட்டிருக்கிறது! இத்தனை நாளும் கெட்டுப்போன சரக்கைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் கோழி வளர்க்கும் மதினியிடம் கேட்டேன்.

"வாரம் ஆறு முட்டை வேணும் மதினி. அன்னைக்கு இட்டதா."

"அம்புட்டும் நீ திங்கவா?"

"தண்ணியில கரைக்க."

சிரித்தார். ஆனால் ஒரு வாரமும் தவறவில்லை.

புதுக் கொழுப்பில் கருப்பு எட்டிப் பார்த்தது. ஆனால் வெளியே மில் பஸ் போனால் மேஜை அதிர்ந்து படலம் கிழிந்தது. பழைய சைக்கிள் டியூபில் கொஞ்சம் காற்றடித்து, மேலே கடப்பைக்கல் போட்டு, அதன்மேல் கோப்பையை வைத்தேன். மறுநாள் காலை ஓட்டையின் அடியில் ஒரு கரும்புள்ளி தோன்றி மெல்ல மேலேறியது. மூச்சுவிடக்கூடப் பயம். இருபது நிமிடம் நின்றது.

சித்திரை வெயிலில் வேறு தொல்லை. அந்தக் கொழுப்பு மூலக்கூறுகள் ஓரிடத்தில் நிற்பவையல்ல. சந்தைக் கூட்டம் போல உரசிக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். சூட்டில் ஆட்டம் கூடி, அளந்து பார்க்கச் செலுத்திய மின்சாரம் படலத்தின் வழியே கசிந்தது. கொலஸ்ட்ரால் சேர்த்துப் பார்த்தேன். அது இடையில் புகுந்து கூட்டத்தை நெருக்கியது. கசிவு குறைந்தது. நம்பாமல் பதினோரு தடவை செய்தேன். பதினோரு தடவையும் குறைந்தது.

பேராசிரியையை அழைத்து வந்து படலத்தையும் அளவுகளையும் காட்டினேன். லென்ஸ் வழியே வெகுநேரம் பார்த்தவர், "தலைப்பை மாத்தச் சொன்னது என் தப்பு. எழுத ஆரம்பி" என்றார். அன்றே முதல் பக்கத்தை எழுதினேன்.