அவர் ஓட்டுவதற்கென்று வாங்கிய டீசல் கார்

இந்த ஊர் பெட்ரோல் பங்கில் டீசல் போட ஆள் வரமாட்டான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காரை எடுத்துவந்த அன்று பங்குக்குள் போய், கண்ணாடியை இறக்கிவிட்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற காரிலிருந்து கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் இறங்கி வந்து, குனிந்து, "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்றார். அப்பாடா, ஆள் வந்துவிட்டான் என்று நான் "டீசல், ஃபுல் டேங்க்" என்றேன். பாவம், ஒரு நிமிஷம் முழித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு போட்டும் விட்டார். "ஜீரோ பார்த்தீங்களா?" என்று இங்கிலீஷில் நான் வேறு கேட்டுவைத்தேன். பணம் கட்ட உள்ளே போனபோது, எல்லாரும் அவரவரே போட்டுக்கொள்வதைப் பார்த்ததும் எனக்கு மானம் போயிற்று.

வேல்ஸில் மலைப்பக்கத்துச் சிற்றூர் இது. வீடு வீடாகப் போய், உடம்பு முடியாத முதியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாத்திரை போடவைப்பது என் வேலை. ஒரு வீடு மலைக்கு இந்தப் பக்கம், அடுத்த வீடு அந்தப் பக்கம். கார் இல்லாமல் இந்த வேலை கிடையாது. ஆனால் எதற்கு இந்தக் கார் என்று இங்குள்ள தமிழர்கள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "டீசலாக்கா? எல்லாரும் எலக்ட்ரிக்குக்குப் போய்க்கிட்டிருக்காங்க. அதுவும் ரெண்டு சைலன்சர் வச்சு, காலேஜ் பயலுக ஓட்டுற வண்டி!" என்று கூட வேலை பார்க்கும் மதுரைப் பெண் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். வித்துட்டு வேற வாங்கு என்பாள். அவளுக்கும் எங்கள் ஊர் செஞ்சியில் என்னைத் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இதைத் தேர்ந்தெடுத்தது என் வீட்டுக்காரர். பெயர் ஏழுமலை. நேரில் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுத்தில் சொன்னால் குற்றமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செஞ்சியில் டிராவல்ஸ் வேன் ஓட்டுகிறார். கல்யாணம், காதுகுத்து, மேல்மலையனூர், திருவண்ணாமலை என்று ஊரைச் சுமந்துகொண்டு போய் வருவார். என்னை இங்கே அனுப்பிய ஏஜென்ட், "முதல்ல நீங்க போங்கக்கா, பின்னாலயே அண்ணனும் வந்துடுவாரு" என்று வாய் கூசாமல் சொன்னான். கேர் வேலைக்கு வருகிறவர்கள் கணவனைக் கூட்டிவர முடியாது என்பது நான் இங்கே வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சட்டம் மாறும், வேறு வேலைக்கு மாறலாம், ஏதாவது வழி பிறக்கும் என்று ரெண்டு பேரும் மாறி மாறி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். அவர் வந்துவிடுவார் என்ற அந்த நம்பிக்கையில் வாங்கியதுதான் கார்.

அன்று ஃபோனில் வீடியோ போட்டுக்கொண்டு, பழைய கார் விற்பவரின் வாசலில் நின்றேன். சின்ன பெட்ரோல் கார் ஒன்றைத்தான் நான் பார்த்துவைத்திருந்தேன். அதைக் கண்டதும் மாமா உதட்டைப் பிதுக்கினார். (மாமா என்றால் அவர்தான்.) "அது வேணாம் சுதா. மலை ஏறச்சொல்லோ முக்கும். அதோ, பின்னாடி நிக்குது பாரு சாம்பல் கலரு, அது இன்னா வண்டி?" என்றார். பிறகு ஒரே அதிகாரம். "பேனட்டு மேல கை வை. சூடா இருக்குதா? சூடா இருந்தா முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருப்பான், ஏமாந்துடாத. இப்ப ஸ்டார்ட் பண்ணு. ஃபோனை சைலன்சர்கிட்ட கொண்டுபோ." சுடிதாரும் ஸ்வெட்டருமாகக் குந்திக்கொண்டு ஃபோனை சைலன்சரில் நீட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, விற்பவர் மெதுவாகக் கேட்டார், உங்கள் மெக்கானிக்கா என்று. என் ஹஸ்பெண்ட் என்றேன். அப்படியானால் வண்டியை எடுத்துப்போக அவர் வருவாரா என்றார். "யெஸ், கமிங் சூன்" என்றேன். மனிதர் அன்று ராத்திரி வரை கடையைத் திறந்து வைத்திருந்தாராம், மறுநாள் நானே போய் வண்டியை எடுத்தபோது சொன்னார்.

"டீசலுன்னா இழுக்கும் சுதா. ஆறு கியரு, சிவப்பு நூல் தையல் போட்ட சீட்டு. நாளைக்கு நான் வந்து ஓட்டணும் இல்ல?" என்றார் மாமா. அதற்குமேல் எனக்கு என்ன காரணம் வேண்டும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், செஞ்சியில் அவர் வேனின் ஸ்டியரிங்கை நான் தொட்டதுகூட இல்லை. "நீ எதுக்கு ஓட்டப்போற?" என்று சிரிப்பார். இங்கே வந்து கற்று, ஒரு தடவை ஃபெயிலாகி லைசென்ஸ் வாங்கினேன். கார் வந்த பிறகு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவேன். அங்கே கூட்டு ரோட்டில் சவாரி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர், சத்தத்தை வைத்தே கியர் சொல்வார். "இன்னும் மூணுலயே இன்னா பண்ற? நாலு போடு." "மேடு வருதா? இறக்கு, இறக்கு." நாலு போட்டு அழுத்தினால் வண்டி ஒரு கணம் யோசிக்கும், பிறகு முதுகைப் பிடித்து சீட்டோடு வைக்கும். நான் "ஐயோ மாமா!" என்று கத்துவேன். அவர் அங்கே விழுந்து விழுந்து சிரிப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே அந்த மலை ரோட்டில்தான். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் உண்மை.

போன குளிர்காலத்தில் அவர் கியர் சொல்வதை நிறுத்திவிட்டார். லைனில் இருப்பார், பேசமாட்டார். அவருக்கு விசிட்டர் விசாவும் கிடைக்கவில்லை. "இன்னா மாமா, ரெண்டுலயே போயிட்டிருக்கேன், ஒண்ணும் சொல்லல?" என்று வேண்டுமென்றே இன்ஜினை அலறவிட்டுக் கேட்டேன். "உனுக்குத்தான் தெரியுமே" என்றார். பயந்துபோய் லீவு போட்டு ஊருக்கு வந்தேன்.

மேல்மலையனூருக்குக் காதுகுத்துச் சவாரி இருந்தது. நானும் கூடப் போனேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கோயிலுக்குள் போய்விட்டார்கள். வேனில் நாங்கள் ரெண்டு பேர். எங்களுக்குக் குழந்தை இல்லை.

"போதும் சுதா. வந்துடு" என்றார்.

நான் கோயில் வாசலைப் பார்த்தேன்.

"காரை வுட்டுட்டு வர மனசு வரல, இல்ல?"

"கார் இல்ல மாமா."

"பின்ன இன்னா?"

பின்ன இன்னா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மழையில் தனியாக மலை ஏறி இறங்குகிற ஒருத்தி அங்கே இருக்கிறாள், அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எப்படிச் சொல்வேன்? அவளை உருவாக்கினவரே அவர்தான் என்று எப்படிச் சொல்வேன்?  

"சத்தத்தோட குடித்தனம் பண்ண என்னால முடியல சுதா. தினம் கேக்கறேன். நல்லா ஓட்டுற. எதுக்கு நான்?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பெரியவங்கள வச்சு நம்ம குடித்தனத்த முடிச்சிக்கலாம்" என்றார். நான் அழுதேன். அவரும் அழுதார். சவாரிக்காரர்கள் வருவதைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் காரை நான் எப்படி விற்பேன்? இன்றைக்கும் மேட்டில் அது என்னை இழுத்துக்கொண்டு ஏறும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. அடுத்த வளைவில் கண்ணீர் மறைக்கிறது, ஓரம் கட்டுகிறேன்.

ஊரிலிருந்து திரும்பிய அன்று வேனை அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில். செஞ்சிக் கோட்டை மலைகள் கண்ணாடியில் சின்னதாகி மறைந்தன.  திண்டிவனம் தாண்டும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் இடது கால் கிளட்ச்சை மிதிக்கும்போது, இந்தப் பக்கம் என் இடது காலும் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். சென்னை ஏர்போர்ட் வரைக்கும் ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் மிதித்துக்கொண்டு போனோம். கியர் விழுந்தது அவர் காலுக்கு மட்டும்தான்.