அடுப்படியில் கேட்ட கேள்வி

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவில் நான் போதகர் ஊழியத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கருக்கலைப்பு பாவம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று ஆசிரியர் சொன்னபோது எல்லோரோடும் நானும் தூக்கினேன். அந்த விடுமுறையில் என்னையும் வகுப்புத் தோழர் ஒருவரையும் பயிற்சிக்காகத் தம்பின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

சபை மக்களை வீடுகளில் சந்திக்கப் போனால் அவருக்குக் கூடத்தில் நாற்காலி, எனக்கு அடுப்படி. யாரும் சொல்வதில்லை, என் கால் தானாக அங்கே போய்விடும். இரண்டு பேருக்கும் படிப்பு ஒன்றுதான்.

ஒரு வீட்டில், ஐந்தாவது பிள்ளை வரப்போகிறது, ஜெபியுங்கள் என்று கணவர் கூடத்தில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி தேநீர் ஆற்றிக்கொண்டே என்னிடம் வேறொன்று சொன்னார். தன்னுடைய இருதயம் பிரசவத்தைத் தாங்காதாம். கலைத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கணவருக்குத் தெரியாது.

"பாவமா சிஸ்டர்?" என்று கேட்டார்.

வீட்டுக்காரரிடம் சொல்லலாமே என்றேன். நான் பக்கத்தில் இருந்தால் சொல்வதாகச் சொன்னார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்தேன். தலை குனிந்தபடி சொல்லி முடித்தார்.

கணவர் என்னைப் பார்க்கவில்லை. தோழரைத்தான் பார்த்தார். "நீங்க சொல்லுங்க பாஸ்டர்."

கர்த்தர் பார்த்துக்கொள்வார், பொறுத்திருந்து ஜெபிப்போம் என்றார் தோழர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் பக்கம் திரும்பினேன்.

"ஜெபத்த பஸ்லயும் பண்ணலாம்ண்ணே. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வர்றேன் லா."

மறுநாள் அவர்கள் இருவரும் நானுமாகப் போனோம். வழியெல்லாம் கணவர் மனைவியின் துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். கருவைக் கலைத்தார்கள், அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

நான் கல்லூரிக்குத் திரும்புவதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. பெண்தானே, மனசு இளகிவிட்டது என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். தோழரைப் பார்த்தேன், அவர் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். படிப்பு முடியும்வரை சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் யாரும் விரும்பி உட்காரவில்லை. அறைக்குப் போய் அழுதிருக்கிறேன்.

இப்போது நானும் போதகர். அது பாவமா என்று கேட்பவர்களுக்கு இன்றும் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வருவதில்லை. நாலு பிள்ளைகளின் தாயை அடக்கம் செய்ய நேரவில்லை என்பதுதான் அந்தத் தனிமைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல். அது போதும் என்றுதான் இருக்கிறேன், சில நாட்கள் தவிர.