கிருத்திகாவின் சனிக்கிழமை எடைகள்

பெயர்: கிருத்திகா. பிறப்பு: 11 ஏப்ரல் 2014, சித்திரபுரத்தை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டம். தந்தை: மாரீஸ்வரன், ஃபாக்டரித் தொழிலாளி. தாய்: முத்துப்பேச்சி, கொழுந்து பறிப்பவர். நோய்: குழந்தைகளின் கல்லீரலில் அரிதாக வரும் புற்றுநோய், கண்டறியப்பட்டது ஜனவரி 2018. இறப்பு: 3 மார்ச் 2019.

அந்நோயை ஆராயும் குழுவைச் சேர்ந்த டாக்டர் ஆனந்தி 2023 ஜூனில் தொலைபேசியில் அழைத்தார். நோய் தெரியவருவதற்கு முந்தைய மாதங்களில் பிள்ளையின் எடையைக் குறித்து வைத்திருந்தால் ஆய்வுக்கு உதவும் என்றார். முத்துப்பேச்சியிடம் ஒரு நோட்டு இருந்தது.

2017-ல் கிருத்திகாவின் எடை போதாது என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னபோது, அங்கிருந்த தராசு பழுதாகிக் கிடந்தது. ஆகவே பிப்ரவரி 4 முதல் டிசம்பர் 16 வரை நாற்பத்தாறு சனிக்கிழமைகள், கொழுந்து நிறுத்து முடிந்ததும், வீட்டிலிருந்து கொண்டுபோன உலர்ந்த சாக்கில் மகளை உட்காரவைத்துக் கொழுந்துத் தராசின் கொக்கியில் மாட்டினார். கங்காணி செல்லத்துரை எடையை உரக்கச் சொல்வார், முத்துப்பேச்சி எழுதிக்கொள்வார். “மாமா, நான் நல்ல கொழுந்தா, முத்தின எலயா?” என்று சாக்குக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்காகவே பெண்கள் கூடையைத் தூக்காமல் நிற்பார்கள்.

நோட்டைப் படமெடுத்து அனுப்பிய இரண்டாம் வாரம் ஆனந்தி மீண்டும் அழைத்தார். “ஒரு வாரம் ஒரு கிலோ குறையுது, அடுத்த வாரம் ஏறுது. ஜூன், ஜூலைல ரொம்பக் குறைவு. காரணம் தெரியாம இதைச் சேர்க்க முடியாதும்மா.”

மகள் விட்டுப்போனவற்றில் இன்னொரு பிள்ளைக்கு உதவக்கூடியது அந்த நோட்டு ஒன்றுதான். அதுவும் ஆகாதென்றால்? தவிர, அந்த ஜூன் மாத எண்கள் ஐந்தாறு ஆண்டுகளாகவே முத்துப்பேச்சியை அரித்துக்கொண்டிருந்தன. எடை இறங்கியதைக் கையால் எழுதியும் கண்ணால் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று.

மறுநாள் தூறலில் நிறுவை நடந்தது. செல்லத்துரை சொல்லிக்கொண்டே போனார்: “இருவத்திரண்டு. சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு. இருவது.”

“மழையப் பெய்யச் சொன்னது நாங்களா? வானத்துக்கிட்ட போய்க் கழியும்,” என்றார் வரிசையில் நின்ற கற்பகம். எல்லாரும் சிரித்தார்கள். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை.

“அண்ணே, எம் பிள்ளைக்கும் ஈரம் கழிச்சீகளா?”

செல்லத்துரையின் கை தராசிலேயே நின்றுவிட்டது. “மழைன்னா வாய் தானா ஒண்ணு கழிச்சிரும் தாயி. இருவத்தாறு வருசப் பழக்கம்… பிள்ளைன்னு தோணலையே.”

“பச்சப்பிள்ளையையும் விடலையா நீரு!” என்றார் கற்பகம்.

எந்தெந்தச் சனிக்கிழமை மழை பெய்தது? தோட்ட ஆபீசில் அன்றன்றைய மழையை அளந்து எழுதும் ரிஜிஸ்டர் உண்டு. கிளார்க்கைக் கெஞ்சி, 2017-க்குரியதைச் செல்லத்துரையே ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துவந்தார். அவர் தேதியை வாசிக்க, மாரீஸ்வரன் மழை நாள்களுக்கு ஒரு கிலோ கூட்டி எழுதினார். ஜூனிலிருந்த சரிவு வரிவரியாக மறைந்தது. எடை மெய்யாகவே இறங்கத் தொடங்கியது அக்டோபர் கடைசியில்தான்.

“ஜூன்ல கொறையவே இல்ல பேச்சி,” என்றார் மாரீஸ்வரன். “நீ பாக்காம விடல.”

முத்துப்பேச்சி எழுந்து, கொதிக்காத தேநீரை இறக்கி வைத்தார்.

ரிஜிஸ்டரில் ஜூலை 15-க்குரிய இடத்தில் மட்டும் மை கரைந்திருந்தது. அன்று மழைதான், முத்துப்பேச்சிக்கு ஐயமில்லை. கிருத்திகா அன்று கங்காணியின் குடையைப் பறித்துத் தலைகீழாகப் பிடித்து, தண்ணீர் நிறைந்தால்தான் தருவேன் என்று அடம்பிடித்தாள். “குடை நெறயுற மட்டும் நனஞ்சுக்கிட்டே நின்னேன்,” என்றார் செல்லத்துரை.

திருத்திய எடைகளோடு இதையும் முத்துப்பேச்சி ஆனந்தியிடம் தொலைபேசியில் சொன்னார். அவர், “நான் நம்புறேன்மா. ஆனா பதிவுல இல்லாததைச் சேர்க்க விதி இல்லை,” என்றார்.

அனுப்பிய எடைகள்: 46. ஆய்வில் சேர்க்கப்பட்டவை: 45.