வாய் மூடிய பிறகு வந்த குரல்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஒரு காலத்தில் கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் என் கேமரா நுழையாத கல்யாண மண்டபம் கிடையாது. அடுத்தவன் கேமராவுக்கு லைட் பிடிக்கப் போனவன், சொந்தக் கேமரா வாங்கி, சிதம்பரம் கீழ வீதியில் கடை போட்டு, திருப்பாதிரிப்புலியூரில் மாடி வீடும் கட்டினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. சொல்லிக்காட்ட வேறு ஆள் இல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை வெளிநாட்டில். மேல்மாடியிலும் நான்தான், கீழேயும் நான்தான்.

அந்த வீட்டின் கிரகப்பிரவேச கேசட்டைத்தான் போன மழைக்காலத்தில் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். அதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அந்த நாளில் விசேஷ வீட்டு வீடியோ என்றால், பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டு முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டுத்தான் கொடுப்போம். ஆட்கள் பேசுவது கேட்டுவிட்டால், "என்னாங்க, பாட்டு போட மறந்துட்டீங்களா?" என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் நான் எடுத்த எத்தனையோ கேசட்டுகளில் யார் குரலும் கிடையாது. எங்கள் வீட்டுக் கேசட்டுக்கு மட்டும் பாட்டுப் போட நேரம் கிடைக்கவில்லை. வெளி ஆர்டர் முடிந்தால்தானே சொந்த வேலை? அப்படிக் கிடப்பில் போட்டதால், என் மனைவியின் குரல் உலகத்தில் அந்த ஒரு கேசட்டில் மட்டும் தங்கியிருக்கிறது.

பழைய பெட்டி டிவி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. இப்போது சுவரில் தொங்குகிற டிவியில் கேசட் ஓட்டுகிற டெக்கை மாட்ட இடமே இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் உண்டு.

ஏற்றிப் பார்த்தேன். வாசலில் ஐயர் தேங்காய் உடைக்கிறார். காய் உடைகிற அதே நொடியில் சத்தமும் வருகிறது. ஆனால் போகப் போகச் சத்தம் பின்தங்கிவிட்டது. அடுப்படியில் பால் பொங்கும் இடத்துக்கு வந்தால், மனைவி கேமரா பக்கம் பார்த்து ஏதோ சொல்கிறாள். வாய் அசையும்போது குரல் இல்லை. வாயை மூடிய பிறகு குரல் வருகிறது.

காது நன்றாக இருக்கிறவர்களுக்கு இது வெறும் எரிச்சல். எனக்கு அப்படியில்லை. மனைவி போனதிலிருந்து என் காது மந்தம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு பிடிபடும். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போனால் எனக்கு ஒரு வார்த்தையும் தேறாது. அவள் எதிரிலேயே நின்று பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அவள் தம்பி காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்தான். கேசட்டில் அவள் குரலைக் கேட்டதும் சிரித்துவிட்டான்.

"மாமா, இது அக்கா என்கிட்ட சொன்னது. அன்னிக்கு ஒங்க பின்னாடிதான் நின்னேன்."

"என்னா சொல்லுது?"

"சொன்னா கோச்சிக்குவீங்க."

"நான் எதுக்குடா கோச்சிக்கப் போறேன்?"

"அப்ப சொல்லட்டா? அக்கா என்னா சொல்லுதுன்னா..."

"நிறுத்து மச்சான். நான் எடுத்த வீடியோ, என் பொண்டாட்டி. நானே கேட்டுக்கிறேன்."

"நீங்க கேக்கறதுக்குள்ள வீராணம் ஏரி ரெண்டு தடவ நெறஞ்சிடும்."

"நெறையட்டுமே. ஒனக்குத்தான் நடவுக்குத் தண்ணி."

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். முதலில் எல்லாரும் செய்கிறதைச் செய்தேன். முன்னால் தேங்காய் உடைவதையும், கடைசியில் பந்தியில் ஒரு எவர்சில்வர் தட்டு கீழே விழுவதையும் அடையாளமாக வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள சத்தத்தை ஒரே சீராகச் சுருக்கினேன். தேங்காய் பொருந்தியது. தட்டும் பொருந்தியது. ஜெயித்துவிட்டேன் என்று அடுப்படிக்கு வந்தால், இப்போது குரல் முந்திக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பேச்சு முடிந்துபோகிறது.

அப்போதுதான் படத்தைச் சும்மா பார்க்காமல் என் தொழில் கண்ணால் பார்த்தேன். நாடாவில் பூஞ்சை பிடித்த இடங்களில் வெள்ளைக் கோடு ஓடுகிறது. அங்கெல்லாம் படம் ஒரு தாவு தாவுகிறது. கலைந்த படத்தைக் கம்ப்யூட்டர் பிடிக்க முடியாமல் விட்டுவிடுகிறது. சத்தத்தை விடுவதில்லை. படம் அங்கங்கே குறைந்துபோக, சத்தம் முழுசாக நின்று, தாவும் இடத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது. சீராகத் தங்காததைச் சீராகச் சுருக்கினால் எப்படிப் பொருந்தும்?

கடையில் ஓடிய டிவிடி ரெக்கார்டர் ஒன்று பரணில் கிடந்தது. நாடாவைத் துடைத்துச் சுற்றி, டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அந்த ரெக்கார்டரை மாட்டினேன். படம் கலைகிற இடத்தில் அது முந்தின படத்தையே இன்னொரு தடவை காட்டி இடத்தை நிரப்பிவிடும். படங்களின் எண்ணிக்கை குறையாது, சத்தமும் பின்தங்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேசட்டை மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினேன். தேங்காய் சரி. வீட்டுக்குள் ஓட்டிவந்த பசுவின் கழுத்து மணி சரி. தட்டும் சரி. இந்த ஜில்லாவில் இன்னொருத்தன் செய்துகாட்டட்டும், பார்க்கலாம்.

பிறகு அடுப்படிக்கு வந்தேன். பால் பொங்கி வழிகிறது. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலே தம்பியைப் பார்த்துப் பேசுகிறாள். உதடும் குரலும் ஒன்றாக வந்தன.

"பின்னாடி நின்னு மாமா மாமான்னு கத்தாதடா. அவருக்குக் கேக்காது. மேளத்துக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு காது போயிடிச்சி. முன்னாடி போயி நின்னு சொல்லு. கேக்கலியான்னு மட்டும் கேட்டுடாத, ஒத்துக்க மாட்டாரு."

சொல்லிவிட்டுப் பால் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படத்தை அங்கேயே நிறுத்தினேன். இந்த வீட்டில் ஒரு நாளும் அவள் என்னை அடுப்படியிலிருந்து கூப்பிட்டதில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்குக்கூட அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்துக்கு வந்து என் எதிரில் நின்று சொல்லுவாள். டீக்கடையில் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், என் வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை எவன் வீட்டிலும் கிடையாது என்று. அவள் இருந்த காலத்தில் எனக்குக் காது கேட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"கேட்டுட்டேன் மச்சான்."

அவன் ஏதோ சொன்னான். நீளமாகவே சொன்னான். அக்காவைப் பற்றித்தான் இருக்கும். போனில் உதடு தெரியாதே. "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.