உப்பு தெரியாத ஐந்து வாரம்

இத்தாலியின் பாதுவா நகரத்துக் கேமரூன்காரர்களுக்குள் கல்யாணமானாலும் துக்கமானாலும் சமையல் பெலாஜியுடையதுதான். பதினான்கு வருஷமாக அப்படி. முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. சனிக்கிழமை விடுப்பு வாங்கிக்கொண்டு, மாதா கோயில் கூடத்தின் பின்பக்கச் சமையலறையில் அண்டா ஏற்றிவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வேலையில் இருந்தபோது சொந்த ஊரான பாஃபூஸாமிலிருந்து தங்கை புருஷன் கூப்பிட்டான். தங்கை ஒனொரின் காலையில் போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல்தான். அம்மா சந்தைக்குப் போன நாளெல்லாம் பெலாஜி இடுப்பில் சுமந்து வளர்த்த தங்கை.

"சரி" என்றாள் பெலாஜி. கையிலிருந்த விரிப்பைக் கட்டிலின் நான்கு மூலையிலும் இழுத்துச் செருகினாள். அடுத்த அறைக்குப் போனாள். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள்; அது கைக்கு வராமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது.

சனிக்கிழமை மதியம் ஒனொரினுக்காகக் கூடத்தில் கூடினார்கள். துக்கக்காரி அடுப்பைத் தொடக்கூடாது. கறுப்பு கபா அங்கியில் பெலாஜியைத் தங்கை படத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சமையலை ஓடெட் ஏற்றுக்கொண்டாள். ஓடெட் துவாலாக்காரி; ந்தோலே அவர்கள் ஊர்ச் சமையல். பெலாஜி ஆக்கும் அந்தக் கசப்புக் கீரைக் குழம்பில் நிலக்கடலை போதாது என்று ஊரெல்லாம் சொல்லி வந்தவள். இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை சரியில்லை.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்தார்கள்.

"அழுதுடுக்கா. உள்ளயே வச்சுக்கிட்டா உடம்புக்கு ஆகாது" என்றாள் கேமரூன்காரர் சங்கத் தலைவரின் மனைவி.

"ம்."

அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதுபோல முகம் மரத்துக் கிடந்தது. பெண்கள் பாடிக்கொண்டே சுற்றி வந்தார்கள். பெலாஜி அவர்களுடைய செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து கருகல் வாடை வந்ததும் எழுந்து போனாள்.

"இங்க உனக்கென்ன வேலை?" என்றாள் ஓடெட்.

"அடிபிடிக்குது."

"பிடிச்சா பிடிக்கட்டும், நாங்கதானே திங்கப்போறோம். போய் உட்காரு. பாக்கறவங்க என்ன பேசுவாங்க?"

"அங்க உட்கார முடியல."

ஓடெட் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பச்சை வாழைக்காய்க் கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். "நான் எதையும் பாக்கல" என்றாள்.

பெலாஜி கூடை முழுவதையும் சீவி முடித்தாள். விரலெல்லாம் கறை ஏறிக் கறுத்தது. ஆட்டுக்கறியோடு காய் வெந்ததும் ஓடெட் கரண்டியை நீட்டினாள்.

"உப்புப் பாரு."

பெலாஜி மென்றாள். சூடு தெரிந்தது, காய் குழைந்திருப்பது தெரிந்தது. அவ்வளவுதான்.

"தெரியல."

"விளையாடாத."

"நெசமாத்தான். செவ்வாக்கிழமையிலேருந்து எதுவுமே தெரியல. கசப்புக் கீரையைப் பச்சையா மென்னு பாத்தேன். காகிதத்த மெல்ற மாதிரி இருக்கு."

ஓடெட் அடுப்பைத் தணித்தாள். உப்பைத் தானே பார்த்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். வழக்கம்போல் பெலாஜியைக் கேட்டார்கள். மறுக்கத் தோன்றாமல் ஒத்துக்கொண்டாள். நாக்குக்கு ருசி இன்னும் திரும்பவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை அவள் போனபோது ஓடெட் தலைத்துணி கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தாள்.

"உன்ன யார் கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. நாக்கு இல்லாம என்னத்தடி சமைப்ப? உப்பை அள்ளிக் கொட்டி, பிள்ள பெத்தவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடாத."

பெலாஜி ஆக்கினாள், ஓடெட் ருசி பார்த்தாள்.

"இன்னும் அரைப் பிடி... போதும். கீரை கசக்குது, இன்னொரு தண்ணி அலசு."

ந்தோலேயில் அன்று கடலை கூடுதலாகத்தான் விழுந்தது. பெலாஜி பார்த்துக்கொண்டே இருந்தாள், தடுக்கவில்லை. பந்தியில் சங்கத் தலைவர் இரண்டாம் தட்டை வழித்துவிட்டு, "பெலாஜி கைப்பக்குவமே தனி" என்றார். ஓடெட் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து பெலாஜிக்கும் உதடு கொஞ்சம் விரிந்தது.

அண்டா கழுவும்போது ஓடெட் கேட்டாள்: "அழுதியா?"

"இன்னும் இல்ல."

"சரி."

ஐந்து மணிக்கு அதே கூடத்தில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு இருந்தது. ஆளுக்கொரு பக்கமாகத் தரையைத் துடைக்கத் தொடங்கினார்கள்.