பெரியப்பா எழுதிய ஒற்றை வரி

"இந்த முகவரியில் அப்படி ஒருவரும் இல்லை." கடிதத்தில் இருந்தது அந்த ஒரு வரிதான். கையொப்பம் இல்லை. ஆனால் ஆங்கில எழுத்துகளின் வாலைக் கீழே இழுத்து வளைக்கும் அந்தக் கையை எனக்குத் தெரியும். சிறுவயதில் என் பிறந்தநாள் வாழ்த்துகளையெல்லாம் எழுதிய பெரியப்பாவின் கை.

பெரியம்மா அயர்லாந்துக்காரி. கன்னியாஸ்திரிகளின் விடுதியில் வளர்ந்து, லண்டனுக்குத் தாதியாக வந்து, எங்கள் ஊரிலிருந்து இங்கே படிக்க வந்திருந்த பெரியப்பாவை மணந்தவர். எங்கள் தமிழை என்னைவிட நன்றாகக் கதைப்பார். பெரியப்பா காலமான பிறகுதான், "என்னைப் பெத்தவ ஆரெண்டு தேடவேணும் பிள்ளை" என்று வாய்விட்டுக் கேட்டார். லண்டன் ஹரோவில், அவருடைய சமையலறை மேசையில், இரண்டு குளிர்காலம் பழைய ஞானஸ்நானப் பதிவுகளோடு மல்லுக்கட்டினோம். கையில் இருந்தது தாயின் பெயர் மட்டும். விடுதி இருந்த ஊரிலோ அதே பெயரில் ஐந்து பேர். இரண்டு வயதில் இறந்தவள் என்று ஒருத்தியின் குடும்பத்தையே முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கும் வைக்கும் வழக்கம் அங்கே இருந்ததாம். நாங்கள் தேடியது அந்த அடுத்தவளைத்தான்.

பிறகு விடுதியின் கோப்பு தபாலில் வந்தது. உள்ளே, மகள் எங்கே என்று கேட்டுத் தாய் எழுதிய கடிதம். விடுதி அதை லண்டனுக்கு, பெரியம்மாவின் வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கிறது. அதற்குப் போன பதில்தான் அந்த ஒற்றை வரி. அதன் பிறகும் பதினாறு வருடம் அந்த மனுசி உயிரோடு இருந்திருக்கிறார்.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன். "மச்சாளின்ர தாய் தகப்பன் ரெண்டுபேரும் ரீச்சர்மார், செத்திட்டினம் எண்டு எழுதித்தானே அண்ணை ஊரில எங்கட வீட்டில கலியாணத்துக்குச் சம்மதம் வாங்கினவர். செத்த தாய் திரும்பி வந்தா ஊர் என்ன கதைக்கும்?" என்றார். ஊராம் ஊர்! அந்த ஊரில் பாதி இன்று லண்டனில் மிட்ச்சம், குட்மேய்ஸ் பக்கங்களில் கடை வைத்திருக்கிறது. அப்பாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் பெரியப்பாவின் திவசம். பிள்ளையில்லாத அவருக்கு வழக்கமாக அப்பாதான் செய்வார். ஐயர் வந்து உட்கார்ந்ததும் பெரியம்மா சொன்னார்: "இந்த முறை அவருக்கில்லை. என்ர அம்மாவுக்கு."

"அவ வேதக்காரியெல்லோ மச்சாள், கிறிஸ்தவ ஆளுக்குத் திவசமோ?" என்றார் அப்பா.

"அவ உயிரோட இருக்கேக்கையே செத்திட்டா எண்டு ஊருக்குச் சொன்னனீங்கள். அப்ப செய்யவும் வேணும்."

தாயின் பெயரை ஐயருக்குப் பெரியம்மாவே சத்தமாகச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் அப்பாதான் இறைத்தார். அந்தப் பெயரை மூன்று முறையும் திக்கித்தான் சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை.