வெள்ளியை முதலில் வெட்ட வேண்டும்

வருடத்துக்கு ஒன்றாகப் பதினோரு காலண்டர்கள் ஜாலோவின் கைவேலை. பன்னிரண்டாவதற்கான பலகை மேசையில் கிடக்கிறது. அவரோ மறுபடி உளி தீட்டிக்கொண்டிருக்கிறார். கூர் வந்ததா என்று இடது கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்க்கிறார். நகம் முழுக்கக் கோடுகள். பலகையில் ஒரு கீறல்கூட இல்லை.

சீனாவின் லன்சாங் மலையில் மரத்தில் செதுக்கிப் படம் அச்சிடுகிறவர்கள் நிறையப் பேர். இப்படி இழுத்தடிப்பவர் இவர் ஒருவர்தான். அங்குள்ள லாஹு பழங்குடி மக்களின் படம் வேண்டும் என்று கலாசார நிலையம் வருடாவருடம் கேட்கும். நிலவு, சுரைக்குழல், கறுப்பு அங்கியில் வெள்ளிக் குமிழ் மின்ன ஆடும் பெண்கள். அதையேதான் இதுவரை கொடுத்தார். ஆடுகிறவளுக்கு மட்டும் எப்போதும் தன் மனைவி நாமூவின் முகம்.

இந்த வருடம் அலுத்துவிட்டதாம். தேயிலை ஆலையில் காம்பு பொறுக்கும் மைத்துனி நாஃபாவை, ஆலைத் தொப்பியோடு அப்படியே செதுக்கப்போகிறாராம். அச்சகத்துக்கு நாள் குறித்துவிட்டு வந்த நிலையத்து லியாங் தலையில் கைவைத்தார்.

"அண்ணே, ஆலைக்காரி படத்த எவன் சுவத்துல மாட்டுவான்?"

"மாட்டாட்டி போ. கண்ணால பாத்ததத்தான் வெட்டுவேன்."

வேலை முடிந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்த நாஃபா, தன் பக்கம் பேசுவாள் என்று ஜாலோ நினைத்திருக்க வேண்டும்.

"நெலாவுல அக்கா ஆடுனத எந்த வருஷம் மச்சான் பாத்தீங்க? மூட்டு வலின்னு அது மாடிப்படியே ஏறாது!"

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நாமூ, "என் மூட்ட எதுக்குடி இழுக்கற?" என்றாள்.

நாஃபா விடவில்லை. "அம்மாவோட வெள்ளி வச்ச அங்கி மூத்தவளுக்குப் போச்சு, சரி. படத்துலயாவது எனக்கு வெள்ளி போடக் கூடாதா? காலண்டர என் மக ஹாஸ்டல்ல மாட்டுவா. கூட இருக்கறதுங்க உங்கம்மா யாருன்னு கேட்டா, தொப்பியயா காட்டுவா?"

ஜாலோ நகத்தில் இன்னொரு கோடு போட்டார். எரிச்சலில் லியாங் எழுந்து வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார்.

ஜாலோவின் தொழிலில் எல்லா நிறத்துக்கும் ஒரே பலகைதான். கொஞ்சம் வெட்டி ஒரு நிறம், இன்னும் வெட்டி அடுத்தது, கடைசியில் கறுப்பு. வெட்டிய இடத்தில் மை ஏறாது; வெட்டியதை ஒட்டவைக்கவும் முடியாது. வெள்ளிக்கென்று தனி மை கிடையாது. தாளின் வெள்ளைதான் வெள்ளி. முதல் நிறமான மஞ்சள் ஏறுமுன் அதை வெட்டிவிட வேண்டும். கோழி விற்க வருகிறவனைக்கூட உட்காரவைத்து இதை விளக்குகிற மனிதர், இன்று நாஃபாவின் வெறுங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கத்தினார்: "நாமூ, அங்கிப் பொட்டியத் தொற!"

"எதுக்கு?"

"நான் பாத்ததத்தான் வெட்டுவேன். இவ போட்டு நான் பாக்கணும்."

"டீத்தூள் ஒட்டும்யா அதுல," என்றாள் நாமூ. ஆனாலும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் அங்கியை எடுத்து வந்து, ஆலைச் சட்டைக்கு மேலேயே தங்கைக்கு மாட்டிவிட்டாள். கழுத்தில் குமிழ்கள் வரிசையாக நின்றன. நாஃபா அவசரமாகத் தொப்பியில் கைவைத்தாள்.

"அதக் கழட்டாத!" என்றார் ஜாலோ.

அவள் முறைத்தாள். கையை இறக்கினாள்.

ஜாலோ வளைவாய் உளியை எடுத்தார். நகத்தில் இழுத்துப் பார்க்கவில்லை. பலகையில் கழுத்து வரும் இடத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். சின்ன வட்டம் ஒன்று சுருண்டு வெளியே வந்தது.

நாளைக் காலை மஞ்சள் உருட்டுவார். அதன்பிறகு அந்தப் பலகையில் இன்னொரு வெள்ளைக்கு இடமில்லை.